எந்தத் தோள்?

இதை உடனே எழுதிவிட வேண்டும். ஆற அமர எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். அதனால் நடந்தது நடந்தபடி.

எங்கள் கிடங்கில் ஒரு சட்டம். அரை நாள் லீவு என்றாலும் டாக்டர் சீட்டு வேண்டும், அதுவும் அன்றைக்கே பகல் பன்னிரண்டுக்குள். இல்லாவிட்டால் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் வேலை போச்சு. அதனால் தலைவலிக்கும் சீட்டு, பல்வலிக்கும் சீட்டு. ஆஸ்பத்திரி வரிசையில் பாதிப்பேர் எங்களைப் போல மூட்டை தூக்குகிறவர்கள்தான்.

என் அக்கா புருஷனுக்கும் அங்கேதான் வேலை. ஏற்கெனவே இரண்டு கோடு வாங்கியவர். அன்று காலை மச்சானுக்குத் தோள்வலி. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் வலிக்காமல் மூக்கா வலிக்கும்? யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். என்னைத் துணைக்குப் போகச் சொன்னார் மேஸ்திரி. டோக்கன் ஐம்பத்தெட்டு.

"மாப்ள, இந்த பெஞ்சுல உக்காந்தே எனக்குப் புதுசா ஒரு வியாதி வந்துரும்போல" என்றார் மச்சான். முகமெல்லாம் வேர்வை. மின்விசிறி ஓடவில்லை, எல்லோருக்கும்தான் வேர்த்தது.

டாக்டரம்மா அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஆஸ்பத்திரித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று புது உத்தரவாம்.

"நேத்து நூத்திப்பத்து பேரைத்தான் பாத்திருக்கீங்க டாக்டர். மத்த இடத்துல நூத்தியறுவது."

"அதுல நோயாளி எத்தனை பேர் சார்?"

"வர்றவங்க எல்லாரும் நோயாளிதானே?"

"இல்ல. பாதிப்பேர் சீட்டுக்கு வர்றவங்க. ஒருநாள் தலைவலிக்கு சீட்டு எழுதறது வைத்தியமா? முதலாளி தன் ஆளை நம்பமாட்டாரு, அந்த சந்தேகத்துக்கு நான் முத்திரை குத்தணும். நீங்க குடுக்கற ரெண்டு நிமிஷத்துல ஒண்ணரை நிமிஷம் அதுக்கே போயிடுது. மிச்ச அரை நிமிஷத்துல நான் என்னத்தக் கேக்கறது? சாப்பிட்டாச்சான்னா?"

வரிசையே சிரித்தது. அதிகாரி காது சிவந்துவிட்டது. "உங்க கருத்தை எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

"நாலு தடவை குடுத்தாச்சு. நாலும் எந்த பீரோவுல தூங்குதோ!"

சொன்ன வேகத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "சீட்டுக்கு மட்டும் வந்தவங்க கை தூக்குங்க. பயப்படாதீங்க, எல்லாருக்கும் சீட்டு உண்டு."

முதலில் ஒருவரும் அசையவில்லை. இதில் ஏதாவது பொறி இருக்குமோ என்று பயம். பிறகு ஒரு கை, நாலு கை, மளமளவென்று முப்பத்துநாலு. அதில் மச்சான் கையும் ஒன்று.

"எண்ணிக்கோங்க சார்" என்றார் டாக்டரம்மா. நர்சு முத்திரை குத்தக் குத்த, இவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். என்ன வேகம்! மச்சான் தன் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"வா மாப்ள, மணி பதினொண்ணரைதான். கொண்டுபோய்க் குடுத்துட்டு லோடு பாக்கலாம்."

நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம்.

"இப்ப பாருங்க சார், நேரம் கெடச்சா ஒரு டாக்டர் என்ன கேப்பாங்கன்னு" என்று பின்னால் டாக்டரம்மா குரல். "அண்ணே, தோள்வலின்னு சீட்டு வாங்கினீங்களே, கொஞ்சம் நில்லுங்க. எந்தத் தோள்?"

"இடதுங்க."

"மூட்டை எந்தத் தோள்ல வைப்பீங்க?"

மச்சான் சிரித்தார். "வலதுலதாம்மா. இடதுல வச்சா எனக்கு நடையே வராது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் இவருக்குப் பின்னால் நடக்கிறவன் நான். அந்த இடது தோளில் ஒருநாளும் மூட்டை ஏறியதில்லை. அப்புறம் அது ஏன் வலிக்க வேண்டும்?

"தாடை வலிக்குதா?"

"காலைலேருந்து. சொத்தைப் பல்லுன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். மச்சானைப் படுக்க வைத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், மெஷின் காகிதத்தில் கோடு கிழித்தது. டாக்டரம்மா அதை ஒரு பார்வைதான் பார்த்தார். "மாரடைப்பு. மாத்திரையை மென்னு முழுங்குங்க. ஆம்புலன்ஸ்! சார், சும்மா நிக்காதீங்க, ஸ்ட்ரெச்சரைத் தள்ளுங்க!"

அதிகாரி தள்ளினாரே ஒரு தள்ளு! கடிகாரம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. வண்டியில் ஏற்றும்போது மச்சான் என் சட்டையைப் பிடித்தார்.

"மாப்ள, சீட்டு! பன்னெண்டாகப் போகுது, ஓடிப்போய்க் குடு. மூணாவது கோடு விழுந்துரும்."

"கோடு விழட்டும் மச்சான், நீ விழாம இரு!" என்று கத்திக்கொண்டே நானும் ஏறிவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். அப்படியே போய் ஒரு மணி நேரம் மூட்டை சுமந்திருந்தால் கதையே வேறு என்றார் அங்கிருந்த டாக்டர். அக்கா அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அவருக்குத் தலை வாரிவிட்டாள். "பல்லுவலியாம் பல்லுவலி! வீட்டுக்கு வாங்க, முப்பத்திரண்டையும் நானே பாத்துக்கறேன்."

மறுநாள் வார்டுக்கு டாக்டரம்மா வந்தார், கூடவே அந்த அதிகாரியும். மச்சானுடைய நெஞ்சுக்கோட்டுக் காகிதத்தின் நகலை இணைத்து, ஐந்தாவது முறையாகக் கருத்து எழுதியிருக்கிறாராம் டாக்டரம்மா. சீட்டு முறையை எடுக்க வேண்டும், நேரக்கணக்கை எடுக்க வேண்டும். இந்தத் தடவை அதிகாரியே கையில் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார்.

"புதன்கிழமை கூட்டம்" என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல். "மூட்டை தூக்கறவங்க யாராவது வந்து நேர்ல சொன்னா நல்லாருக்கும்."

"என் மாப்ள வருவான் சார்" என்றார் மச்சான், படுத்தபடியே. "வாய் பெருசு அவனுக்கு."

மச்சானுக்கு மூன்றாவது கோடு விழுந்தே விட்டது, அதையும் அங்கே சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை நான் வேலைக்கு வரமாட்டேன், சீட்டும் கொண்டுவர மாட்டேன் என்று. பின்னாலேயே இன்னும் ஒன்பது பேர் அதையே சொன்னார்கள்.