இடது தூணுக்குப் போகும் வயர்

கேட் அக்கா என்றால் கட்டட வேலை ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தானாகத் திறக்கும் கேட்டுக்கு எந்த வழியாக வயர் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் தொழில். அவள் கணவர் மேஸ்திரி. வாசலுக்குக் கான்கிரீட் தரை போடுவதில் கைதேர்ந்தவர். இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை அமைந்தால் எவ்வளவு வசதி என்று நினைப்பீர்கள். அதெல்லாம் வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வேலையில் தரைக்கு அடியில் இரண்டு பைப் கேட்டாள். ஒன்று போதாதா என்று ஒன்றை மட்டும் புதைத்துவிட்டார் அவர். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டும் சென்சார் வயரும் ஒட்டிக்கொண்டு போனதில், கேட் தன் இஷ்டத்துக்குத் திறந்து மூடியது. ஆட்கள் முன்னாலேயே அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அன்று ஒரு சட்டம் போட்டாள்: இனி வீட்டுக்குள் வேலைப் பேச்சு கூடாது. அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை. பள்ளிக்கூட விஷயத்தில் சமாதானமும் இல்லை. அது அவளை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இப்போது இருவருக்கும் ஒரு புது வீட்டு வாசலில் வேலை. முதலில் பக்கவாட்டில் நகரும் கேட் என்றுதான் பேச்சு. மோட்டார் வலது தூண் பக்கம்; இடது தூணில் சென்சாரின் ஒளியைத் திருப்பி அனுப்ப எதிரே ஒரு சின்னக் கண்ணாடி போதும், வயரே வேண்டாம். திடீரென்று வீட்டு ஓனருக்கு மனசு மாறி, இரண்டு கதவாக உள்பக்கம் விரியும் கேட்தான் வேண்டும் என்றார். கதவுக்கு ஒரு மோட்டார். அப்படியானால் இடது தூணுக்கும் தரைக்கு அடியில் வயர் போயாக வேண்டும். சாப்பிடும்போதுகூட அவளுக்கு அதே யோசனைதான். தரை போடும் முன் வேலையிடத்தில் வைத்து அவரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவரோ, மழை வரும்போல இருக்கிறதென்று முன்கூட்டியே தரையைப் போட்டுவிட்டார். அதை வீட்டில் சொல்லவில்லை. சட்டமாயிற்றே.

காலையில் அளவு டேப்போடு வந்தவள், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தரை வழவழவென்று இருந்தது. அவர் போட்டதிலேயே இதுதான் நல்ல தரை. இதையா வெட்டச் சொல்வது?

"இடது தூணுக்கும் வயர் போகணுங்க," என்றாள். "கேட் மாறிடுச்சு. முன்னாடியே சொல்லாதது என் தப்புதான். தரைய வெட்டணும்."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எதுக்கு வெட்டணும்? தூணோரம் இருக்கற அந்தச் செங்கல்ல எடு."

எடுத்தாள். கீழே பைப்பின் வாய்; அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டைத்துணியால் அடைத்திருந்தது. துணியை உருவினால் கயிற்றின் நுனி. வயரை அதில் கட்டி அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தால் வேலை முடிந்தது.

"யாரு சொன்னா? வீட்டு ஓனரா?"

"நீதான்."

"நான் வாயவே திறக்கலையே."

"முன்னெல்லாம் சாப்பிடறப்ப ஒரு ஸ்பூனைப் பக்கவாட்டுல தள்ளித் தள்ளி வெப்ப. இப்ப என்னடான்னா ரெண்டு ஸ்பூனை எதிரெதிரா வெச்சு விரிக்கற, மூடற. சாப்பாடு ஆறிப்போறதுகூடத் தெரியல உனக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே இன்னொரு கவலையும் எட்டிப் பார்த்தது. ஒரு பைப்தானே. மறுபடியும் அதே கதையா? கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். இந்த மனுஷனிடம் இன்றைக்குப் போய் எப்படிக் கேட்பது?

"தள்ளி இன்னொரு செங்கல் கிடக்கு பாரு," என்றார் அவர், கரணையைத் துடைத்துக்கொண்டே.

அதன் அடியிலும் ஒரு பைப். அதே சட்டைத்துணி.

"கரண்ட்டுக்கு ஒண்ணு, சென்சாருக்கு ஒண்ணு. பள்ளிக்கூடத்துல நீ சொன்னது சரிதான்."

அவள் செங்கல்லை ஓரமாக வைத்தாள். "இருந்தாலும் ஆளுங்க முன்னாடி அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுங்க நான்."

"கத்தினதாலதான் மறக்கல," என்று சொல்லிவிட்டுப் புதுத் தரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார்.

வீட்டில் வேலைப் பேச்சு கூடாது என்ற சட்டத்தை இருவரும் நீக்கவில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்ததும், மேஸ்திரி தன் ஸ்பூனையும் எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில், அவள் ஸ்பூனுக்கு எதிரே வைத்தார்.