ஏறுபூரானும் இறங்குபூரானும்

பிள்ளைக்குப் புண் எங்கே வந்தாலும் சமாளித்துவிடலாம், உட்காருகிற இடத்தில் மட்டும் வரக்கூடாது. கையில் வந்தால் ஊதிவிடலாம், காலில் வந்தால் கட்டுப் போடலாம். அங்கே வந்தால் பிள்ளை உட்காராது, மல்லாக்கப் படுக்காது, இடுப்பில் தூக்கி வைத்தாலும் அலறும். முத்துவடிவின் மகள் உலகம்மாளுக்கு அங்கேதான் வந்திருந்தது. ஒன்றரை வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அழுகை மட்டும் தென்காசி மொட்டைக் கோபுரம் வரைக்கும் கேட்டது.

பழைய வேட்டியைக் கிழித்துத்தான் பிள்ளைக்கு இடுப்பில் துணி கட்டுவது. அவிழ்த்தால், துணி மறைத்த இடம் பூராவும் செக்கச்செவேல் என்று கிடக்கும். நடுவில் தோல் வழன்றிருக்கும். தண்ணீர் பட்டதும் பிள்ளை வில்லாக வளையும். வயிற்றாலே வேறு போய்க்கொண்டிருந்தது. கழுவக் கழுவ எரியும், கழுவாவிட்டால் இன்னும் எரியும். முத்துவடிவு கழுவிக்கொண்டே அழுவாள், அழுதுகொண்டே துணி அலசுவாள்.

வைத்தியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் போகும் என்றாள் அடுத்த வீட்டுக்காரி. உடம்புச் சூடு என்றாள் எதிர் வீட்டுக்காரி. வேப்பிலைத் தண்ணீர், தேங்காயெண்ணெய், கடைந்தெடுத்த வெண்ணெய் எல்லாம் தடவியாயிற்று. யாரோ அக்கி என்று சொல்லப் போக, குயவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதியும் பார்த்தாயிற்று. காவி காய்ந்து இழுத்ததில் பிள்ளை கூடக் கொஞ்சம் கத்தியதுதான் மிச்சம். புருஷன் குத்தாலிங்கம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. 'எல்லாம் சரியாப் போகும்' என்ற ஒரே மருந்தை வேளை தவறாமல் கொடுத்து வந்தான்.

மாமியார் பிச்சம்மாள் மட்டும் வேறொன்று சொன்னாள்.

"நான் சொன்னா உனக்குப் பொறுக்காது. அந்த மாட்டுப் பாலு பிள்ளைக்கு ஆவலட்டி."

அந்த மாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நயா பைசா வந்த மறுவருஷம், உலகம்மாளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீராக வந்த மாடு அது. முத்துவடிவின் அண்ணன் நாறும்பூநாதன் சுரண்டையில் பயிர் வைக்கிறவன். மருமகள் பால் குடித்து வளரட்டும் என்று கறவை மாட்டைக் கன்றோடு, கழுத்தில் மாலை போட்டு, பாவூர்சத்திரம் வழியாக நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தான். தெருவே வாசலில் நின்று பார்த்தது. கழுத்து நிறைய நகை போட்டிருந்தால்கூட முத்துவடிவுக்கு அத்தனை பெருமை இருந்திருக்காது.

பிச்சம்மாள் மாலையைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை. நேரே முதுகைப் பார்த்தாள். மாட்டு முதுகில் மயிர்ச்சுழி பூரான் மாதிரி நீளமாக ஓடினால் அதற்கு இரண்டு பேர் உண்டு. திமிலைப் பார்த்து ஏறினால் ஏறுபூரான், கட்டின வீடு ஏறும். வாலைப் பார்த்து இறங்கினால் இறங்குபூரான், கட்டின வீடு இறங்கும்.

"இது இறங்குபூரான்லாய்யா?" என்றாள் பிச்சம்மாள், வந்தவன் முகம் கழுவுவதற்கு முன்னாலேயே.

"ஏறுபூரான் அத்தை. தரகுகாரங்க அத்தன பேரும் பாத்துச் சொன்னது."

இரண்டு பேரும் மாட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். தலைப்பக்கம் நின்றவனுக்கு ஏறியது, வால்பக்கம் நின்றவளுக்கு இறங்கியது. மாடு பாட்டுக்கு மாலையைத் தின்றுகொண்டிருந்தது. பந்திக்கு இலை போட்டுக் கூப்பிடுகிறவரை அந்த வழக்கு தீரவில்லை. அதற்குப் பிறகும் தீரவில்லை.

ஆகவே மாமியார் 'பால் ஆகாது' என்று சொன்னால், முத்துவடிவின் காதில் 'உன் அண்ணன் கழிசல் மாட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டான்' என்றுதான் விழும். விழுந்த கையோடு அடுப்படிக்குப் போவாள். பிள்ளைக்கு வழக்கமாகக் கொடுக்கிற பாலோடு இன்னும் அரைத் தம்ளர் கூடுதலாக ஊற்றி, மாமியார் கண் முன்னாலேயே உட்கார்ந்து புகட்டுவாள். பிறந்த வீட்டு வீம்பு அப்படிப்பட்டது.

கடைசியில் டாக்டரிடம் தூக்கிப் போனாள். அவர் ஊதா நிற மருந்து ஒன்றைத் தடவினார், துணி கட்டாமல் காற்றாட விடச் சொன்னார். "வயித்தாலயும் போகுதுங்கீங்க. சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு பிள்ளைக்கு ஒத்துக்கிடல போல. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க," என்றார்.

முத்துவடிவு சொன்ன சொல் தட்டாமல் நிறுத்தினாள். வாழைப்பழத்தை நிறுத்தினாள். பருப்பை நிறுத்தினாள். இட்லியை நிறுத்தினாள், ரசம் விட்டுப் பிசைந்த சோற்றையும் நிறுத்தினாள். பிள்ளைக்கு மிஞ்சியது பால் ஒன்றுதான். அதை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. டாக்டர் சாப்பாடு என்றுதானே சொன்னார்? பால் எப்படிச் சாப்பாடாகும்? பிள்ளை பசி தாங்காமல் பாலாகவே குடித்தது. புண் தொடை வரைக்கும் இறங்கியது.

"டாக்டருக்குப் படிச்சவன் சொன்னதெல்லாம் செஞ்சாச்சு, இன்னும் என்னதாஞ் செய்ய?" என்று புருஷனிடம் கத்தினாள்.

"எல்லாம் சரியாப் போகும்ட்டி," என்றான் குத்தாலிங்கம். அவள் கையிலிருந்த துணியைச் சுவரில் எறிந்தாள்.

சாரல் தொடங்கியது. பேத்திக்கு நேர்ந்திருக்கிறேன், குற்றாலத்தில் சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தங்கி, அருவித் தண்ணீர் ஊற்றி, குற்றாலநாதரைக் கும்பிட்டு வருவோம் என்றாள் பிச்சம்மாள். மாட்டையும் ஆபீசையும் குத்தாலிங்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, மாமியாரும் மருமகளும் பிள்ளையோடு போனார்கள்.

அருவிக்கு அடியில் பிள்ளையைக் காட்ட முடியுமா? ஓரமாக நின்று செம்பில் பிடித்துப் பைய ஊற்றினார்கள். தங்கின வீட்டில் பாலுக்கு வழியில்லை. கடைப் பாலுக்கும் தண்ணீருக்கும் நிறத்தில் மட்டும்தான் வித்தியாசம். அதை வாயில் வைத்ததும் உலகம்மாள் துப்பினாள். வேறு வழியில்லாமல் முத்துவடிவு சோற்றைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டுக் கஞ்சியாகக் கொடுத்தாள். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. போக்கு நின்றது. சிவப்பு மங்கியது. ஒரு நாள் காலையில் உலகம்மாள் தானாகவே தரையில் பொத்தென்று உட்கார்ந்து, கையைக் கொட்டிச் சிரித்தாள். முத்துவடிவு உலை கொதித்து வழிகிறதைக்கூடக் கவனிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அருவித் தண்ணி அத்தை," என்றாள் சந்தோஷத்தில். "மலையில மூலிகையெல்லாம் தொட்டுக்கிட்டு வருதுல்லா!"

"தண்ணியாவது ஒண்ணாவது! மாட்டை விட்டுட்டு வந்தோம்லா, அதான் ஆறிட்டு," என்றாள் பிச்சம்மாள்.

தென்காசிக்குத் திரும்புகிற பஸ்ஸில் இதே சண்டை. தண்ணீரா, மாடா? பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே முத்துவடிவு சுண்டக் காய்ச்சிய பாலைத் தம்ளர் நிறைய ஊற்றிப் பிள்ளைக்குக் கொடுத்தாள். என் அண்ணன் மாட்டுப் பாலைக் குடித்துவிட்டு என் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எல்லாரும் பார்க்கட்டும்!

எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு நாளில் பழையபடி தோல் வழன்றுவிட்டது.

குற்றாலத்திலிருந்து குடத்தில் கொண்டுவந்த அருவித் தண்ணீரைப் பூராவும் ஊற்றிப் பார்த்தாள். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தண்ணீர் இல்லை. மாடுதான். மாமியார் சொன்னது சரி. அந்த நினைப்பு அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. பிள்ளையைத் தன் கையாலேயே இத்தனை நாள் வதைத்திருக்கிறோமே என்று வயிறு எரிந்தது. ஆனால் அதை மாமியார் முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஒப்புக்கொண்டால் மாடு சந்தைக்குப் போகும், அண்ணன் பேர் தெருவில் நாறும். ஆகையால் ஒரு காரியம் செய்தாள். பாலைக் காய்ச்சி, தம்ளரில் ஊற்றி, கொல்லைப் பக்கம் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டினாள். "குடிச்சிட்டா!" என்று வீடு கேட்கச் சத்தம் கொடுத்தாள். பிள்ளைக்குத் திரும்பவும் கஞ்சி.

புண் ஆறத் தொடங்கியது. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு உள்ளே போவதற்குள் மறுபடியும் சிவந்தது, போக்கும் தொடங்கியது. முத்துவடிவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். பாலும் இல்லை, பருப்பும் இல்லை, பழமும் இல்லை. வெறும் கஞ்சியுமா ஆகாமல் போகும்? பிறகு இந்தப் பிள்ளை காற்றைக் குடித்தா வளரும்?

ஒரு மத்தியானம் துணி உலர்த்தக் கொல்லைக்குப் போனவள், மாட்டுத் தொழுவின் மறைவில் மாமியார் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் உலகம்மாள். பிள்ளையின் மேலுதட்டில் வெள்ளையாக மீசை. மாமியாரின் கையில் சங்கு, பக்கத்தில் மூடிபோட்ட சின்னத் தூக்குச்சட்டி.

"அத்தை! என்னது குடுக்கீங்க?"

பிச்சம்மாள் சங்கை மறைக்கப் பார்த்து, முடியாமல், நிமிர்ந்தே சொன்னாள். "பாலுதாம்ட்டி. உன் மாட்டுப் பாலு இல்ல. தெக்குத் தெரு வல்லிநாயகம் வீட்டுப் பாலு. அது சுத்த ஏறுபூரான், என் கையால தடவிப் பாத்துட்டுத்தான் வாங்குதேன். நீயோ மாட்ட விடமாட்டேங்குத. என் பேத்தி சாவதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

"ஐயோ, புண்ணு ஆறிக்கிட்டு வந்துச்சே! நான் பாலையே நிறுத்திட்டேன் அத்தை! நீங்க எதுக்கு..."

"நிறுத்திட்டியா? தெனமும் குடிச்சிட்டா, குடிச்சிட்டான்னு கத்துனியே?" பிச்சம்மாளின் கண் சுருங்கியது. "எதுக்கு நிறுத்துன?"

முத்துவடிவுக்கு வேறு போக்கிடம் இல்லை. "மாடு ஆவலன்னுதான்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவள் போலப் பிச்சம்மாளின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் மெல்ல மெல்லக் கூம்பவும் செய்தது. சங்கைப் பார்த்தாள், தூக்குச்சட்டியைப் பார்த்தாள், பிள்ளையைத் திருப்பிப் பார்த்தாள். "வல்லிநாயகம் மாடு ஏறுபூரான்லா," என்று முணுமுணுத்தாள். முத்துவடிவுக்கும் அதே நேரத்தில்தான் புரிந்தது. இந்த மாடும் இல்லை, அந்த மாடும் இல்லை. பால்.

"பாலு ஆவாத பிள்ளை உலகத்துல உண்டுமாட்டி?" என்றாள் பிச்சம்மாள். யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் தேவலை என்பது போல இருந்தது அந்தக் குரல்.

மறுநாள் நாறும்பூநாதன் வந்து நின்றான். சுரண்டையிலிருந்து முதல் பஸ். சுமையை இறக்கினானோ இல்லையோ, "மருமவளுக்கு என் கையால பால் குடுக்கணும், கொண்டாட்டி," என்றான்.

"வேண்டாம்ண்ணே. அவளுக்குப் பாலு ஆவாது."

"என் மாட்டுப் பாலா?"

"எந்த மாட்டுப் பாலும்."

அவன் முகம் கறுத்தது. தங்கை சொன்னதன் பின்பாதி அவன் காதில் ஏறவே இல்லை. தானே அடுப்படிக்குப் போய்ப் பாலைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, "இது யாரு சொல்லிக்குடுத்த பேச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றான் பிச்சம்மாளைப் பார்த்து. "சுழியப் பத்தி இன்னுமா பேசுதீக?"

நேற்று வாயடைத்துப் போனவளுக்கு இன்று வாய் திரும்ப வந்துவிட்டது. "இறங்குபூரான இறங்குபூரான்னு சொல்லாம வேற என்னன்னு சொல்லுவாவ?"

"வாங்க பாப்போம்!"

தம்ளரைக் கையில் பிடித்தபடியே அவன் தொழுவுக்கு நடந்தான். பிச்சம்மாள் பின்னாலேயே போனாள். லீவு நாளாகையால் வீட்டில் இருந்த குத்தாலிங்கமும், இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்ற முகத்தோடு கூடவே போனான். மூன்று பேரும் மாட்டைச் சூழ்ந்துகொண்டு முதுகைத் தடவினார்கள். ஏறுது. இல்ல, இறங்குது. இங்கன நின்னு பாருங்க. நீ அங்கன வா.

உள்ளே உலகம்மாள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். முத்துவடிவுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழுவுக்கு வந்தாள். அண்ணனுக்கும் மாட்டுக்கும் நடுவில் நுழைந்து, பிள்ளையைத் தோளில் குப்புறப் போட்டு, தூக்கும்போது சுற்றின துணியை உருவினாள்.

"மாட்டு முதுகை எல்லாரும் பாத்தாச்சுல்லா? இதையும் பாருங்க! இது ஏறுதா இறங்குதான்னு சொல்லுங்க!"

காது குத்தின நாளுக்குப் பிறகு நாறும்பூநாதன் பிள்ளையை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. குத்தாலிங்கம் பெற்ற தகப்பன். அவனும் பட்டப்பகலில் அந்தப் புண்ணை முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்தவன் இல்லை. தோல் என்று ஒன்று அங்கே இல்லை. பிச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள்.

நாறும்பூநாதன் கையிலிருந்த தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குனிந்து, கன்றுக்குட்டியின் தொட்டியில் ஊற்றினான்.

"அப்பம் அவளுக்கு என்னதாம்ட்டி குடுக்க?" என்றான்.

இத்தனை நாளில் அந்த வீட்டில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"கஞ்சி," என்றாள் முத்துவடிவு. பிள்ளையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, பிள்ளையை விடப் பெரிதாக அழுதாள்.