கரி போட்டு ஓடிய மோரிஸ்

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய எழுபத்து நாலாம் வருஷம், விருத்தாசலம் கடைவீதியில் கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதை விற்றுவிட்டு பஸ் ஏறினார்கள். பீங்கான் ஜாடியும் கப்பும் விற்கும் ஷபியுல்லாவுக்கு மட்டும் தன் பழைய மோரிஸைக் கைவிட மனம் வரவில்லை. பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் சிநேகிதன் ஜம்புலிங்கம்தான் வழி சொன்னான். யுத்த காலத்தில் பஸ்ஸுகள் கரி கேஸில் ஓடியதைச் சின்ன வயதில் பார்த்தவன் அவன். இரும்பு டிரம் ஒன்றை அடுப்பாக்கி வண்டியின் பின்னால் கட்டி, எஞ்சினுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தான்.

டிரம்மில் கரியைக் கொட்டி, கீழே பற்றவைத்து, காற்றடிக்கும் கைவிசிறியின் பிடியை விடாமல் சுற்ற வேண்டும். குழாய் வாயில் தீக்குச்சி காட்டி, கேஸ் நீலமாகப் பிடித்தால் கிளம்பலாம். சமதரையில் வண்டி சைக்கிள்காரனை முந்தும்; மேடு வந்தால் சைக்கிள்காரன் முந்துவான். ஷபியுல்லாவுக்கு அதுவே பெருமையாக இருந்தது.

அவன் மனைவி ஆரிஃபா அதில் ஏறவே மாட்டேன் என்றிருந்தாள். அடுப்பில் வேக எனக்கு வீட்டிலேயே இடம் இருக்கிறது என்பாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவையாவது ஊர் சுற்ற வேண்டும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஆசை. கெஞ்சிக் கேட்கக் கூச்சம்.

சேத்தியாத்தோப்பில் அவள் தங்கை சாதிகாவின் குழந்தைக்குப் பேர் வைக்கும் நாள் வந்தது. முகூர்த்த நாள் என்பதால் வந்த பஸ்ஸெல்லாம் நிற்காமல் போயின. வேறு வழியில்லாமல் ஆரிஃபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காரில் ஏறினாள். ஷபியுல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வழிக்கென்று கட்டிவைத்த கரி மூட்டையைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டான்.

கம்மாபுரம் தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றது. டிரம்முக்குள் சாம்பல்தான் இருந்தது. இறங்கி நின்றவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே தைரியம் இல்லை. இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஆரிஃபா திட்டவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்ட வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாண வீடு, சமையல்கட்டில் கரி இருக்கும், வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.

வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். கூடவே கல்யாணப் பெண்ணின் அம்மா சுலோச்சனா, கரிக்கூடையைச் சுமந்து வந்தாள். காப்பி அடுப்புக்கு வாங்கி வைத்திருந்த கரி அது. இலையில் சுற்றிய சோறும் வடையும் ஆரிஃபாவின் கையில் இருந்தன. அவள் கன்னத்தில் கரி அப்பியிருந்தது.

"அவங்க பொண்ணு மாப்ளைய விருத்தாசலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன கார்க்காரரு, பெட்ரோலு இல்லன்னு கையை விரிச்சிட்டாராம்," என்றாள் ஆரிஃபா. "திரும்பறப்ப நம்ம காருல ஏத்திக்கிறோம்னு சொல்லிட்டேன்."

அவள் வாயிலிருந்து 'நம்ம காரு' என்று அவன் கேட்டது அன்றுதான். கூடையை வாங்கி டிரம்மில் கொட்டினான். விசிறியைச் சுற்றப் போனபோது அவள் கைப்பிடியை ஏற்கெனவே பிடித்திருந்தாள்.

குழந்தைக்குப் பேர் வைத்து, விருந்து சாப்பிட்டு, சாதிகா வீட்டில் கொடுத்த கரியையும் ஏற்றிக்கொண்டு சொன்னபடியே பந்தலுக்கு வந்தார்கள். மணப்பெண்ணும் மாப்பிள்ளை தங்கராசும் மாலையோடு பின்சீட்டில் ஏறினார்கள். கூடி நின்ற சனம் காரின் பின்னால் புகைந்த டிரம்மை அதிசயமாகப் பார்த்தது.

வழியில் ஒரு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறியது. தங்கராசு மாலையைக் கழற்றிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். ஷபியுல்லாவும் இறங்கப் போனான்.

"நீங்க ஓட்டுங்க. நானும் தம்பியும் தள்ளுறோம்," என்றாள் ஆரிஃபா.

பின்னால் இருவரும் மூச்சுப்பிடித்துத் தள்ளுவதும், நடுவே அவள் சிரிப்பதும் அவனுக்குக் கேட்டது. வண்டி மேடேறியது. அவள் ஓடிவந்து ஏறிக்கொள்ளும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி மெல்ல உருட்டினான்.