மடியில் ஒரு சக்கரம்

மாக்சி மாமாவின் விமானத்தில் நான்கு பேர் உட்காரலாம் என்பது அதைச் செய்தவர்களின் நம்பிக்கை. பின்னிருக்கையை மாமா எப்போதோ கழற்றி, நீராவிக் குளியல் கொட்டகையில் பெஞ்சாகப் போட்டுவிட்டார். அந்தக் காலியிடத்தில்தான் எங்கள் ஊரின் பாதி வாழ்க்கை வந்து இறங்குகிறது.

எங்கள் ஆற்றோரத்தில் எல்லார் வீட்டு அடுப்படியிலும் பொத்தானை அமுக்கிப் பேசுகிற ரேடியோ ஒன்று இருக்கும். ஊரே ஒரே அலைவரிசை. யாராவது பெத்தேல் பட்டணத்துக்குப் பறக்கப் போவதாக அதில் சொல்லிவிட்டால், காபி ஆறுவதற்குள் எல்லாரும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள். "இடமில்லை" என்று அந்த ரேடியோவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அடுத்த வேட்டைக் காலம் வரை அதையே பேசுவார்கள்.

நான் ஃபேர்பேங்க்ஸ் நகரில் கல்லூரி முடித்துக் கோடையில் ஊர் திரும்பிய அன்று, பெத்தேலில் மாமா ஏற்கெனவே நிரம்பிய விமானத்தின் முன் நின்றிருந்தார். மாவு வாளிகள், குழந்தை டயப்பர் மூட்டை, எஞ்சின் ஆயில், என் அம்மாவுக்குப் புதிய உலுவாக். அரைவட்டமாய், சவரக்கத்தி போலக் கூரான மீன் கத்தி அது. பெண்கள் மட்டுமே தொடுவது. இவற்றுக்கு நடுவே, சக்கரங்கள் கழற்றப்பட்டு, பிடிபட்ட கலைமான் போலக் கொம்பைத் தூக்கிக்கொண்டு கிடந்தது ஒரு சைக்கிள்.

"உன் அத்தைக்கு" என்றார் மாமா. ஒலிங்கா அத்தை எங்கள் ஊரின் மருத்துவ உதவியாளர். வீடு வீடாக நடந்தே போகிறவர். "மூணு வருஷமா வாக்கு குடுத்துட்டே இருக்கேன். இதைக் கொண்டு போகாம வீட்டு வாசலை மிதிக்க முடியாதுடா."

ஒரு சக்கரம் உள்ளே போய்விட்டது. இன்னொன்று போகவில்லை. சேற்றிலும் பனியிலும் ஓடுவதற்கான தடித்த டயர்; என் தொடையைவிடக் கனம்.

"கடைக்காரன் உள்ளே ஏதோ பால் ஊத்தியிருக்கான். ஆணி குத்தினாலும் தானா அடைச்சுக்குமாம்."

"நல்லது மாமா. இதை எங்க வைக்கிறது?"

"நீ எங்க உக்காரப் போற?"

"முன்னாடி."

"அங்கதான்."

சக்கரம் என் மடியில் படுக்கையாக வந்தது. ஊர்வம்பில் எங்கள் முதன்மைச் செய்தியாளரான பாவிலா வாங்கிவரச் சொல்லியிருந்த பீட்ஸா பெட்டிகள் இரண்டும் அதன் மேல் ஏறின. பல்கலைக்கழகம் எனக்கு நான்கு ஆண்டுகளில் தர முடியாத மேசையை மாமா நான்கு நொடியில் தந்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த விமானத்தில் என் முன்னாலும் ஒரு ஸ்டியரிங் உண்டு. மாமா தன்னுடையதை இழுத்தால் என்னுடையதும் என் வயிற்றை நோக்கி வரும். இழுத்தால்தான் மூக்கு மேலே தூக்கும். ஏறவும் அது வேண்டும், இறங்கவும் வேண்டும்.

"கிளம்பும்போது எல்லாத்தையும் தலைக்கு மேல தூக்கிக்கோ. இறங்கும்போதும் அதேதான். நடுவுல நிம்மதியா இரு" என்றார் மாமா.

நான் சக்கரத்தையும் பீட்ஸாவையும் தூக்கி, கோயிலில் திருப்பாத்திரம் ஏந்தும் பாதிரியாரைப் போல உட்கார்ந்திருந்தேன். விமானம் ஏறியது.

கீழே குஸ்கோக்விம் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. மேற்கே கடலிலிருந்து மூடுபனி வந்துகொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல இருந்தார்.

"பாவிலா எண்ணிப் பாக்க மாட்டா. ஒரு துண்டு எடுடா."

"அவங்க எண்ணுவாங்க மாமா."

"எடுடா!"

பெட்டியைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சரியாக அப்போது விமானம் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் குலுங்கியது. பீட்ஸா பறந்தது. சக்கரம் சரிந்து நிமிர்ந்து, என் முழங்கால்களுக்கு நடுவே இறங்கி, கீழ் விளிம்பு முன்பலகைக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. மேலே டயர் ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவில், ஆப்பு அடித்தது போல.

மாமா மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். எனக்கு மூச்சு மட்டும் வெளியே வந்தது.

"பின்னாடி நகரு."

"வாளி இருக்கு மாமா. சீட்டு அசையாது."

"மேல தூக்கு."

"வரல."

"கதவைத் திறந்து தள்ளு."

"அதுக்கு முதல்ல மேல தூக்கணும்."

மாமா எஞ்சின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மூக்கை நேராக வைத்துக்கொண்டார். பறப்பதற்கு அது போதும். இறங்குவதற்குப் போதாது. தரையைத் தொடும் நேரத்தில் மூக்கைத் தூக்காவிட்டால் முன்சக்கரம் முதலில் குத்தும். எங்கள் ஊரின் சரளைப் பாதையில் அப்படிக் குத்திய ஒரு விமானம் இன்று நாய்களுக்குக் கொட்டிலாக இருக்கிறது. பெத்தேலுக்குத் திரும்பலாம் என்றால், பெத்தேலை மூடுபனி மூடிவிட்டதாக அந்த நேரம் பார்த்து விமான நிலையத்திலிருந்து செய்தி வந்தது.

அடுத்து வந்தது வீட்டு ரேடியோவில் அத்தையின் குரல். விமானத்திலும் அதில் ஒன்று வைத்திருக்கிறோம்.

"மாக்சி, சைக்கிள் வருதா?"

மாமா மைக்கை எடுத்தார். முகத்தில் வியர்வை. குரலில் வெயில்.

"வருது வருது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. டீ போட்டு வை."

"என் பீட்ஸா?" இது பாவிலா.

"அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அதைப் பார்த்தபடி. மைக்கை என் மடிப்பக்கம் வீசினார். அது எங்கோ சக்கரத்துக்கும் தொடைக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. அதற்குப் பிறகு ரேடியோ அமைதியாகிவிட்டது. பாவிலா கூட வாயை மூடிவிட்டாள். எனக்கு அது வியப்பாக இருந்தது. வியக்க நேரம்தான் இல்லை.

"ஏன் மாமா உண்மையைச் சொல்லல?"

"சொன்னா ஊரே கேக்கும். 'சக்கரத்தை மடியில வச்சவன்'னு நான் சாகுற வரைக்கும் பேரு."

"அதுக்கு ரொம்ப நாள் இல்லையே மாமா."

"காத்தைப் பிடுங்குடா!"

டயரின் வால்வு கீழே, என் காலணிக்கு அருகில் இருந்தது. எட்டவில்லை. ஊரின் நீலக் குவிமாடக் கோயில் தெரிந்தது. அதற்கு அப்பால் மூடுபனி ஒரு சுவர்போல வந்துகொண்டிருந்தது. ஒருமுறைதான் இறங்க முடியும். சுற்றி வர முடியாது.

"கத்தி இருக்கா மாமா?"

"என் கத்தி பின்னாடி கோட்டுல." மாமா தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். வந்தது அம்மாவின் உலுவாக். அதை என்னிடம் நீட்டியபோது வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத."

நான் குத்தினேன். உஸ்ஸென்று காற்று வந்தது. வெள்ளைப் பால் குமிழியிட்டது. பிறகு காற்று நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"தானா அடைச்சுக்கிச்சு மாமா."

கடைக்காரன் நேர்மையானவன் என்று தெரிந்துகொள்ள அது சரியான வேளை அல்ல.

மறுபடி குத்தினேன். மறுபடி அடைத்துக்கொண்டது. ஓடுபாதையின் தொடக்கம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமாவின் குரல் திடீரென்று சாந்தமானது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

"டைடஸ். எனக்கு ஏதாவது ஆனா உன் அத்தைகிட்ட..."

"நானும் உங்ககூடத்தான் இருக்கேன் மாமா."

"ஆமால்ல. அப்ப உன்கிட்டயே சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டுப் போக முடியல. அவ வைக்கிற வாத்து சூப்பு எனக்குப் பிடிக்காதுடா. கல்யாணமான வாரத்துல நல்லா இருக்குன்னு ஒரு பொய் சொன்னேன். அன்னைலருந்து..."

"மாமா, தரை!"

"அறுடா! குத்தாத, மீனைக் கீறுற மாதிரி அறு! உங்கம்மா கீறிப் பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். தலைப்பக்கம் பதித்து, உடம்பை அசைக்காமல், ஒரே இழுப்பு. இழுத்தேன். டயர் ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்தது. பால் சீறி என் முகத்திலும், கண்ணாடியிலும், மாமாவின் காதிலும் அடித்தது. ஆப்பு தளர்ந்தது. மாமா இழுத்தார். ஸ்டியரிங் என் வயிற்றில் வந்து இடித்தது. அவ்வளவு இன்பமான இடியை நான் வாங்கியதே இல்லை.

கண்ணாடி முழுக்க வெள்ளை. மாமா பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே மூக்கைத் தூக்கினார். பின்சக்கரங்கள் தரையில் மோதின, எம்பினோம், மறுபடி மோதினோம், சரளைக்கற்கள் வயிற்றடியில் ஆலங்கட்டி மழைபோல் தெறித்தன. பாதை முடிகிற இடத்தில், நாய்க்கொட்டிலுக்குச் சற்று முன்னால், நின்றோம்.

மாமா எஞ்சினை அணைத்தார். "ஒண்ணும் நடக்கல. புரியுதா? ஒண்ணுமே நடக்கல."

"சரி மாமா."

கதவைத் திறந்தோம். ஊரே நின்றிருந்தது. வழக்கமாக விமானம் நின்றதும் பெட்டிகளுக்காகக் கூச்சல் போடுகிற ஊர், சத்தமில்லாமல் நின்றது. அம்மா வாயைப் பொத்தியிருந்தாள். யாரோ தங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி, தூக்குக்கட்டிலாகப் பிடித்திருந்தார்கள். அத்தை தன் மருத்துவப் பையோடு முன்னால் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. மாமாவின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை.

"அடி இல்லையே?"

"இல்லை அத்தை."

நான் எழுந்தபோது சக்கரம் சரிந்தது. அதனடியிலிருந்து மைக் விழுந்தது. இவ்வளவு நேரமும் அதன் பொத்தானை நான் தொடையால் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால்தான் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை; ஊருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது.

உடனே வீட்டில் தங்கிவிட்டவர்களின் குரல்கள் எல்லாம் விமானத்து ரேடியோவில் ஒன்றாகக் கொட்டத் தொடங்கின. கூட்டத்தில் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள்.

மாமா மைக்கைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். திரும்ப விமானத்தில் ஏறிவிடலாமா என்று அவர் ஒரு கணம் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை அத்தை சமையலறை மேசையில் டயரைப் போட்டு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் தைத்தார். ஆற்றோரத்தில் நாய் கடித்த காலையும் கிழிந்த காலணியையும் அவர் தைப்பது அதே நூலால்தான். தையல் அழகாக இருந்தது. முடித்துக் கை கழுவிவிட்டு, அடுப்பிலிருந்த பெரிய பானையைத் திறந்தார். வாத்து வாசனை வீடெங்கும் பரவியது. இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி மாமாவின் முன் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. எனக்கு உலர்ந்த சால்மன்.

மாமா கரண்டியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை. அத்தை மறுபடி நிரப்பினார்.

அடுப்படி ரேடியோ கரகரத்தது.

"மாக்சி," என்றாள் பாவிலா, "சூப்பு எப்படி இருக்கு?"

அத்தை மைக்கை எடுத்து, பொத்தானை அமுக்கி, மாமாவின் வாயருகே பிடித்தார்.