கடலுக்குள் ஒரு முகவரி

பார்த்தினாவின் வீடு நாளுக்கு ஒரு முழம் கடலை நோக்கி நகர்ந்தது. ஜாவாவின் வடகரையிலுள்ள எங்கள் ஊருக்கு மாவட்ட நிர்வாகம் இணையதளம் திறந்த வாரத்தில் அது தொடங்கியது. தளத்தின் வரைபடத்தில் அவள் வீட்டுப் புள்ளியை யாரோ தண்ணீருக்குள் வைத்துவிட்டார்கள். வீடு என்ன செய்யும், அரசாங்கம் சொன்ன இடத்துக்குப் போகத்தானே வேண்டும்! சுவரில் விரிசல் இல்லை, அடுப்பிலிருந்த சோற்றுப்பானைகூட ஆடவில்லை. அக்கம்பக்கத்தார் வேலியைப் பிரித்து வழிவிட்டார்கள்.

அவள் கவலையெல்லாம் புருஷனின் கல்லறைதான். வியாழன் மாலைதோறும் அங்கே பூத் தூவப் போவாள். முன்பு வாசலிலிருந்து நாற்பது காலடி, ஒரு வருடத்தில் முந்நூறு. ஊர் அலுவலக எழுத்தர் ருக்மி, புள்ளி தவறு என்று அவள் சார்பில் தளத்தில் புகார் ஏற்றினாள். ஏற்றியதும் திரையில் ஐந்து முகங்கள் வந்தன, அழுவதிலிருந்து சிரிப்பது வரை.

“திருப்திதானா, இபு? ஒண்ணை அமுக்குங்க,” என்றாள் ருக்மி. எங்கள் பேச்சில் இபு என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா.

“இவ்வளவு சிரமப்பட்டிருக்கியே தாயி, முகத்துக்கு நேரா குறைன்னு எப்படிச் சொல்றது?”

எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சிரித்த முகத்தை அமுக்கினாள். திருப்தி என்று பதிவானதும், தீர்ந்தது என்று புகார் மூடிக்கொண்டது. ஆறு வருடம், ஆறு புகார், ஆறு சிரித்த முகம்.

வருடந்தோறும் தளத்தின் முன்னேற்றத்தை மதிப்பிட மாகாணத் தலைநகரிலிருந்து பாக் ஹெண்டார்தோ வருவார். புகார்த் தீர்வுக்கு எப்போதும் முழு மதிப்பெண். தகவல் துல்லியத்தில் மட்டும் குறைப்பார், வீடு புள்ளியில் இல்லையே. ஆனால் இடைவெளி வருடா வருடம் குறைந்துவந்தது, அதையும் மெச்சி எழுதினார். ஆறாம் வருடம் படகில் வந்தார். வீடு அலைமேல் அசையாமல் நின்றது. புள்ளிக்கு மயிரிழை பிசகவில்லை.

பார்த்தினா தேநீர் கொடுத்தாள். “பாக், எங்க வீட்டுக்காரர் கரையில தனியாக் கெடக்கார். அதையும் எழுதுவீங்களா?”

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு இதுல கட்டம் இல்லையே, இபு.”

அந்த வருடம் மாவட்டத்துக்கு முதல் பரிசு. பார்த்தினா அழவில்லை, அழுகை எப்போதோ வற்றிவிட்டது. படகேறி ருக்மியிடம் போனாள்.

“அவரையும் என் முகவரியில சேர்த்துடு.”

“இறந்தவங்களையா?”

“தளத்துல இடமிருக்குல்ல?”

இடமிருந்தது. ருக்மி சேர்த்தாள். ஐந்து முகங்கள் வந்தன. பார்த்தினா இம்முறை யோசிக்காமல் சிரித்த முகத்தை அமுக்கினாள். மறுநாள் கல்லறை ஒரு முழம் நகர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் வேலியைப் பிரித்தார்கள். வந்து சேர ஆறு வருடம் ஆகும். அவள் வீட்டின் மேற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.