சாருக்குப் பிடிச்சிருக்கா?

எந்த பைக்கில் ஏறினாலும் என் உயரத்துக்குக் கால் பெருவிரல்தான் தரையைத் தொடும். சீட் தாழ்ந்த குரூசர் ஒன்றுதான் எனக்குச் சரிப்படும். பழையது ஒன்று வாங்க அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். தனியாகப் போனால், "வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க மேடம்" என்கிறார்கள். பிழைப்புக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

அதனால் இந்த முறை வீட்டுக்காரரை ஒப்புக்குச் சப்பாணியாகக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கடையில் ஊராருக்குப் பார்வை சோதிப்பவர். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது. என் ஸ்கூட்டரில் பின் சீட்டைத் தவிர வேறு இடம் அறியாதவர்.

"வாயத் திறக்காம கூட நில்லுங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தேன்.

விற்பவர் கொளுத்தும் வெயிலில் தோல் ஜாக்கெட்டோடு நின்றார். முதுகு முழுக்க ரைடர் கிளப் முத்திரைகள். நான் எஞ்சினைத் தொட்டேன். சுட்டது.

"முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டீங்களா? ஆறட்டும். ஆறின பிறகு எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பாக்கணும்."

"மேடம் ரொம்ப உஷார் சார்," என்றார் அவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து. கேட்டது நான், பதில் அவருக்கு. பற்றிக்கொண்டு வந்தது.

ஆறிய வண்டி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஓட்டிப் பார்க்கக் கேட்டதும், "சார் இங்கயே இருக்கட்டும்" என்று என் புருஷனை அடகு பிடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

சிக்னலில் நின்றபோது இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிந்தன. சத்தியமாக எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுதான் என் வண்டி.

திரும்பி வந்தால், அந்தத் தோல் ஜாக்கெட் என் வீட்டுக்காரர் மேல் இருந்தது. கையில் டீ. "ப்ரோ" என்று கூப்பிட்டு அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார் விற்பவர்.

"எனக்குப் பிடிச்சிருக்கு, முடிச்சிடலாம்," என்றேன்.

"சாருக்குப் பிடிச்சிருக்கா?"

என் புருஷன் ஜாக்கெட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். "யோசிச்சு சொல்றோம் ப்ரோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யோசிக்க என்ன இருக்கு? அட்வான்ஸ வாங்கிக்கோங்க," என்று பணத்தை நீட்டினேன். விற்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க மேடம். நமக்குள்ள சங்கடம் வேணாம்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று வழியெல்லாம் கேட்டேன்.

"அவரே இந்த வண்டிய மூணு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் வாங்கினாராம். உடனே சரின்னா நம்மள ஏமாளிங்கன்னு நினைக்க மாட்டாரா?"

மறுநாள் காலையில் போன் செய்தேன். ராத்திரியே யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம். "சார்தான் தயங்கினாரே மேடம்."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரான் மதிக்காததைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம். இவருமா?

அவர் பக்கத்தில் வந்து என் தோளைத் தட்டினார்.

"போனா போகுது, விடு. அடுத்த வண்டிக்கு நீ வெயில்ல அலைய வேணாம். நானே போய்ப் பாத்து முடிச்சிட்டு வரேன்."