இருசப்பன் வீட்டு இறக்கம்

“யாரைக் கேட்டு இந்தாளை ரேம்ப்ல எறக்குன?”

“யாரையும் கேக்கல சார்.”

“அப்ப நீயே டாக்டர் ஆயிட்ட. நாங்கள்லாம் இன்னாத்துக்கு இங்க? மூட்டையைக் கட்டிக்கினு கெளம்பிடட்டா?”

அரங்கநாதன் சார் இதைக் கூடத்தின் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவிகளுக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி வருடம் முடியும். என் பெயர் பூமாலை. ஒருநாளும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெள்ளிமலையிலிருந்து வந்ததால் நான் அவருக்கு ‘மலைப்பொண்ணு.’

இருசப்பன் என் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் எங்கள் மலைதான். ஜீப் கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தகடு வைத்தவர். இப்போது கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடியில்லாமல் நடக்கிறார். அதைப் பார்த்த சார், “நல்லாத்தான் நடக்குற, நாளையிலேர்ந்து வர வேணாம்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

கூடத்துத் தரை டைல்ஸ் போட்ட சமதளம். இருசப்பன் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போவதென்றால் கல்லும் மண்ணுமாகச் செங்குத்தாக இறங்க வேண்டும். அவருடைய சாமைக்காடு அதற்கும் கீழே. அதனால்தான் வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ரேம்ப்பில் இறங்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு அடி வைப்பதற்குள் முழங்கால் மடங்காமல் முன்னால் சாய்ந்துவிட்டார். இடுப்பைப் பிடித்திருந்ததால் விழவில்லை. அந்த நேரம் பார்த்து சார் திரும்பி வந்தார்.

“வுழுந்திருந்தா யாரு பதில் சொல்றது, உங்கப்பனா?”

“அவரு வூடு எறக்கத்துல இருக்குது சார். இப்படியே அனுப்பிச்சா அங்க போய் வுழுவாரு.”

“ஒவ்வொருத்தன் வூடும் எங்க இருக்குதுன்னு பாத்துக்கினு இருந்தா வைத்தியம் பண்ண முடியுமா?”

போன வாரம் பார்த்தாரே. தியாகதுருகத்துப் பண்ணைக்காரர் கண்ணாயிரம் வந்திருந்தார். இதே மாதிரி கால் முறிவு. அவருக்கு டிராக்டரில் ஏற வேண்டுமாம். டிராக்டரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. சார் வெயிலில் நின்று, “மெதுவாங்க, மெதுவாங்க” என்று கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார். எங்களைச் சுற்றி நிற்கவைத்து, “அவங்கவங்க பொழப்புக்கு இன்னா தேவையோ அதுதான் வைத்தியம்” என்று பாடம் வேறு நடத்தினார். நானும் கை தட்டினேன்.

“பாப்பாவ வையாதீங்க சார்,” என்றார் இருசப்பன். “நான்தான் எறங்கிப் பாக்கறேன்னு சொன்னேன்.”

அது பொய். எனக்காகச் சொன்ன பொய்.

“நீ சும்மா இருய்யா.” சார் ஒரு வெள்ளைத்தாளை என் முன் தள்ளினார். “கேக்காம செஞ்சது தப்புன்னு எழுது. இவனுக்குப் பூரணமா கொணமாயிடுச்சின்னும் எழுது. கையெழுத்துப் போடறேன். இல்லாட்டி அடுத்த வருசம் வந்து பாரு.”

கேட்காமல் செய்தது உண்மை. அதை எழுதினேன். அடுத்த வரிக்குக் கை வரவில்லை. பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தேன்.

“சார், எனக்குப் போடற கையெழுத்து கெடக்கட்டும். நீங்களே இவரு கையைப் புடிச்சிக்கினு ஒருக்கா அந்த ரேம்ப்ல எறக்கிப் பாருங்க சார்.”